கத்தோலிக்கப் பள்ளிக்கு உண்டு, யூதப் பள்ளிக்கு இல்லை: ஒன்டாரியோவின் தீராத வழக்கு

கேள்வி இது: “டொராண்டோவில் வசிக்கிறேன். இங்கே கத்தோலிக்கப் பள்ளிகளின் முழுச் செலவையும் மாகாண அரசு ஏற்கிறது. என்னோடு வேலை பார்க்கும் யூத நண்பர் தன் பிள்ளைகளைக் கைக்காசு கட்டித்தான் படிக்க வைக்கிறார். ‘உச்ச நீதிமன்றம் போனோம், தோற்றோம், ஐ.நா.வுக்குப் போனோம், வென்றோம். ஒன்றும் மாறவில்லை’ என்கிறார். அது எப்படி? இனி வழக்குப் போட்டு வெல்ல வழி உண்டா?”

நண்பர் சொன்ன மூன்றும் உண்மை. உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை நியாயமானது என்று சொல்லி வழக்கைத் தள்ளவில்லை. இது அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது, அதில் நாங்கள் கைவைக்க முடியாது என்றது. ஐ.நா. குழு, அரசியலமைப்பில் எழுதிவிட்டால் மட்டும் பாகுபாடு நியாயமாகிவிடாது என்றது. இரண்டு தீர்ப்பும் தத்தம் எல்லைக்குள் சரியானவைதான். அதனால்தான் விவகாரம் இன்றுவரை அந்தரத்தில் தொங்குகிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போனால்தான் இது விளங்கும்.

1867இல் பிரிட்டிஷ் மாகாணங்கள் சேர்ந்து கனடா உருவானது. அன்றைய ஒன்டாரியோவில் புராட்டஸ்டன்ட்டுகள் 82 சதவீதம், கத்தோலிக்கர் 17 சதவீதம். மற்ற மதத்தார் அத்தனை பேரையும் கூட்டினாலும் 0.2 சதவீதம்தான். கியூபெக்கில் நிலைமை தலைகீழ்: கத்தோலிக்கர் பெரும்பான்மை, புராட்டஸ்டன்ட்டுகள் சிறுபான்மை. ஆனால் மாண்ட்ரீலின் வியாபாரமும் வங்கிகளும் பெருமளவு அந்தச் சிறுபான்மையின் கையில் இருந்தன. அவர்களுக்காகப் பேசிய அலெக்சாண்டர் கால்ட், கல்வியை மாகாணங்களிடம் ஒப்படைத்தால் கியூபெக்கின் பெரும்பான்மை எங்கள் பள்ளிகளை விட்டுவைக்குமா என்று கவலைப்பட்டார். ஒன்டாரியோக் கத்தோலிக்கருக்கும் எதிர்த்திசையில் அதே பயம். அவர்கள் 1863இல்தான் ஸ்காட் சட்டத்தின் மூலம், அரசு நிதியோடு தங்களுக்கெனத் தனிப்பள்ளி நடத்தும் உரிமையை உறுதிசெய்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பயங்களுக்கும் இடையே பேசி முடித்த பேரம்தான் அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு. கல்வி மாகாணத்தின் அதிகாரம். ஆனால் கூட்டாட்சி பிறந்த நாளில் எந்த மதப் பிரிவினருக்குப் பள்ளி விஷயத்தில் சட்டப்படி என்ன உரிமை இருந்ததோ அதைக் குறைக்கும் சட்டத்தை மாகாணம் இயற்றக் கூடாது.

அந்தத் தேதிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1867இல் சட்டத்தில் இடம் பெற்றிருந்தவருக்குக் காவல் உண்டு. அன்று இடம் பெறாதவர் பிற்காலத்தில் எத்தனை லட்சம் பேராகப் பெருகினாலும் அந்தப் பிரிவின் கீழ் அவருக்கு எதுவும் கிடையாது.

யூதர்கள் அப்போது கனடாவில் இல்லாமல் இல்லை. கியூபெக்கின் முன்னோடியான கீழ்க் கனடா, 1832இலேயே யூதர்களுக்கு மற்றக் குடிமக்களுக்குச் சமமான அரசியல் உரிமைகளை வழங்கியிருந்தது. இந்த விஷயத்தில் பிரிட்டனையே முந்திக்கொண்ட இடம் அது. தேர்தலில் நிற்கலாம், பதவி வகிக்கலாம். ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் அங்கே இரண்டு வரிசைதான்: கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட். மூன்றாவது வரிசையைச் சட்டம் நினைத்துப் பார்க்கவே இல்லை.

இதனால் வந்த முதல் பெரிய வழக்கு மாண்ட்ரீலில் ஒரு சிறுவனைப் பற்றியது. ஜேக்கப் பின்ஸ்லர் நன்றாகப் படித்து, உயர்நிலைப் பள்ளிக்கான உதவித்தொகையை வென்றான். புராட்டஸ்டன்ட் பள்ளி வாரியம் அதைக் கொடுக்க மறுத்தது. அவனுடைய தந்தைக்குச் சொந்த வீடு இல்லை. ஆகவே அவர் வாரியத்துக்குச் சொத்து வரி கட்டுபவர் இல்லை. ஆகவே அவர் மகன் அங்கே படிப்பது சலுகையே தவிர உரிமை இல்லை என்பது வாரியத்தின் வாதம். 1903இல் நீதிமன்றம் வாரியத்தின் பக்கம் நின்றது. கியூபெக்கின் சட்டப்படி யூதர்களுக்குப் பள்ளி உரிமை என்று ஒன்று இல்லவே இல்லை என்பது அப்போதுதான் வெட்டவெளிச்சமானது. விஷயம் பெரிதாகவே, அதே ஆண்டு சட்டமன்றம் ஒரு விசித்திரமான சட்டம் கொண்டுவந்தது: கல்வி தொடர்பான எல்லாக் காரியங்களுக்கும் யூதர்களைப் புராட்டஸ்டன்ட்டுகளாகக் கருத வேண்டும்!

கருதினார்கள், வரியை வாங்கிக்கொண்டார்கள், பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். வாரியத்தில் உட்கார மட்டும் விடவில்லை. ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து குவியக் குவிய, சில புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் பெரும்பான்மை மாணவர்கள் யூதர்களாகவே ஆனார்கள். ஆனாலும் நிர்வாகத்தில் அவர்கள் குரல் இல்லை. மாண்ட்ரீல் யூதச் சமூகமே இதில் இரண்டாகப் பிளந்தது. மேட்டுப் பகுதியில் வாழ்ந்த வசதியான, ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் புராட்டஸ்டன்ட் அமைப்புக்குள்ளேயே சம உரிமை கேட்டன. கீழ்ப் பகுதியில் வாழ்ந்த, இத்திஷ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் எங்களுக்கே எங்கள் பள்ளி வாரியம் வேண்டும் என்றன. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது; அன்று கனடாவுக்கு அதுதான் கடைசி மேல்முறையீட்டு மன்றம். ஹிர்ஷ் வழக்கு என்று அறியப்படும் அதில் 1928இல் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி பாதி கொடுத்தது: புராட்டஸ்டன்ட் வாரியத்தில் யூதர்களை நியமிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் மாகாணம் விரும்பினால் யூதர்களுக்கெனத் தனிப் பள்ளி அமைப்பு ஒன்றை உருவாக்கலாம்.

உருவாக்கவும் செய்தார்கள். அமைச்சர் அத்தனாஸ் டேவிட் 1930இல் கொண்டுவந்த சட்டம் யூதப் பள்ளி ஆணையம் ஒன்றை அமைத்தது. கத்தோலிக்க மேலிடத்திலிருந்து எதிர்ப்பு, பத்திரிகைகளில் அப்பட்டமான யூத வெறுப்பு, சமூகத்துக்குள்ளேயே சண்டை. மறு ஆண்டே ஆணையம் புராட்டஸ்டன்ட் வாரியத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக் கலைந்துபோனது. அரசுப் பணத்தில் யூதப் பள்ளி அமைப்பு என்பது கனடாவில் கைக்கு எட்டிய தூரத்தில் வந்தது அந்த ஒரு முறைதான்.

இனி ஒன்டாரியோ. இங்கே பெரும்பான்மையினர் புராட்டஸ்டன்ட்டுகள். ஆகவே பொதுப் பள்ளி என்பது பெயரளவில்தான் பொது. காலையில் பரமண்டல ஜெபம், வேத வாசிப்பு, அதன் பிறகு பாடம். கத்தோலிக்கருக்குத் தனிப்பள்ளி இருந்தாலும் அதற்கும் வரம்பு இருந்தது. ஹிர்ஷ் தீர்ப்பு வந்த அதே 1928இல், டைனி என்ற சிற்றூரின் தனிப்பள்ளி அறங்காவலர்கள் தொடுத்த வழக்கில், உயர்நிலை வகுப்புகளுக்கு நிதி கேட்கக் கத்தோலிக்கருக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று அதே பிரிவி கவுன்சில் சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் கத்தோலிக்கப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கட்டணம் கட்டினார்கள், இல்லையென்றால் பொதுப் பள்ளிக்கு மாறினார்கள். இன்று யூதப் பெற்றோர் கேட்கும் கேள்வியைக் கத்தோலிக்கப் பெற்றோர் ஒரு காலத்தில் அச்சு அசலாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதை மாற்றியவர் பில் டேவிஸ். 1971 தேர்தலில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கு நிதி கிடையாது என்று சொல்லி வென்றவர், 1984 ஜூனில் முதல்வர் பதவியின் கடைசிக் கட்டத்தில் திடீரென்று முழு நிதி தருவதாக அறிவித்தார். அறிவிப்பு அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களுக்கே அதிர்ச்சி. அடுத்த ஆண்டு தேர்தலில் அவர் கட்சி பெரும்பான்மையை இழந்தது. வந்த லிபரல் அரசு அதே திட்டத்தை 30ஆம் மசோதாவாகக் கொண்டுவந்து 1986இல் சட்டமாக்கியது. கத்தோலிக்கருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்பார்கள் என்பது டேவிஸுக்குத் தெரியாததல்ல. தனியார் பள்ளிகளைப் பற்றி ஆராய பெர்னார்ட் ஷபிரோ தலைமையில் ஓர் ஆணையத்தையும் அவர் அமைத்திருந்தார். அந்த ஆணையம் 1985இல், பொதுப் பள்ளி வாரியங்களோடு இணைந்து செயல்பட முன்வரும் தனியார் பள்ளிகளுக்கு நிதி தர ஒரு வழியைப் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் தவறவிட்ட நல்ல வாய்ப்பு அதுதான். மேற்பார்வையும் இருந்திருக்கும், பணமும் கிடைத்திருக்கும்.

1982இல் கனடாவுக்கு உரிமைகள் சாசனம் வந்தது. அதன் 15ஆம் பிரிவு மத அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கிறது. அப்படியானால் ஒரு மதத்துக்கு மட்டும் பள்ளிக் காசு எப்படி என்று கேட்கத் தோன்றும். சாசனத்தை எழுதியவர்களுக்கும் தோன்றியது. அதனால்தான் 29ஆம் பிரிவில், மதப் பிரிவுப் பள்ளிகளுக்கு அரசியலமைப்பு தந்திருக்கும் உரிமைகளை இந்தச் சாசனத்தில் உள்ள எதுவும் குறைக்காது என்று முன்கூட்டியே வேலி போட்டுவிட்டார்கள். 1987இல் 30ஆம் மசோதா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அந்த வேலி தாங்கியது. அரசியலமைப்பின் ஒரு பகுதியைக் கொண்டு இன்னொரு பகுதியை வெட்ட முடியாது என்றது நீதிமன்றம்.

இதே ஆண்டுகளில் சாசனம் இன்னொரு வேலையும் செய்தது. சட்பரியைச் சேர்ந்த பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், பொதுப் பள்ளிகளில் பரமண்டல ஜெபம் சொல்ல வைப்பது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1988இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் மத போதனை வகுப்பும் போனது. சிறுபான்மை மதத்தாருக்கு வெற்றிதான். ஆனால் இதனால் யூதப் பள்ளிகளின் வழக்கு பலவீனமடைந்தது. அதுவரை ‘உங்கள் பொதுப் பள்ளி உண்மையில் புராட்டஸ்டன்ட் பள்ளி, எங்களுக்கும் எங்களுடையது வேண்டும்’ என்று வாதிட முடிந்தது. இப்போது அரசு, ‘பொதுப் பள்ளி எந்த மதத்தையும் சாராதது, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, வராதது உங்கள் விருப்பம்’ என்று சொல்லிவிட முடிந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஆட்லர் வழக்கு வருகிறது. யூதப் பெற்றோர் ஒரு குழுவாகவும், டச்சு சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்த கிறிஸ்தவப் பள்ளிகளின் பெற்றோர் இன்னொரு குழுவாகவும் சேர்ந்து நடத்திய வழக்கு அது. யூத நாள்பள்ளி ஒன்றின் வழக்கமான தினத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பாதி நேரம் ஹீப்ரு மொழி, யூதர்களின் வேதமான தோரா, யூத வரலாறு. மறு பாதி ஒன்டாரியோ அரசின் பாடத்திட்டம்: கணக்கு, அறிவியல், ஆங்கிலம், பிரெஞ்சு. அந்த மறு பாதிக்காவது காசு தரக் கூடாதா என்பதே நடைமுறையில் பெற்றோர் கேட்டது. மத போதனைக்கு வரிப்பணமா என்று எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

1996 நவம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள் நான்கு விதமாக எழுதினார்கள். நீதிபதி யாகோபுச்சியும் அவரோடு நால்வரும்: 93ஆம் பிரிவு தன்னளவில் முழுமையான ஏற்பாடு, அது ஒரு வரலாற்றுப் பேரம், அந்தப் பேரம் இல்லாமல் கனடாவே உருவாகியிருக்காது, அதைச் சமத்துவப் பிரிவை வைத்து அளக்க முடியாது. பொதுப் பள்ளிகளுக்குத் தரும் நிதியும் அதே ஏற்பாட்டுக்குள் அடங்கும் என்றார்கள். ஆனால் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள், அது முக்கியம்: மாகாணம் விரும்பினால் மற்ற மதப் பள்ளிகளுக்கும் நிதி தரலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. அதாவது கொடுக்கலாம், கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. நீதிபதி சொப்பின்காவும் நீதிபதி மேஜரும்: பாகுபாடே நடக்கவில்லை, அரசு மதத்தைப் பார்க்கவில்லை, பொதுப் பள்ளியா தனியார் பள்ளியா என்றுதான் பார்க்கிறது, கட்டணம் என்பது மத நம்பிக்கை கேட்கும் செலவு, அரசு சுமத்திய செலவு அல்ல.

மீதி இருவர் பெண் நீதிபதிகள், இருவருக்கும் விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. சமத்துவ உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று நீதிபதி மக்லாக்லின் ஒப்புக்கொண்டார். ஆனால் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்துப் பழகும் பொதுப் பள்ளியை வளர்ப்பது அந்த மீறலை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரிய நோக்கம் என்றார். நீதிபதி லூரே டுபே முழுதாக மாறுபட்டார். சிறிய மதச் சமூகம் ஒன்று தன் பிள்ளைகளிடம் தன் வாழ்க்கை முறையைக் கொண்டுசேர்க்கும் வழியே அரசின் மறுப்பால் அடைபடுகிறது. ஓரளவு நிதியாவது தந்திருக்கலாம், ஒரு காசுகூட இல்லை என்பது நியாயப்படுத்த முடியாதது என்பது அவர் கருத்து.

வழக்கின் இன்னொரு பகுதியைப் பற்றிச் செய்திகள் அதிகம் பேசவில்லை. பள்ளிச் சுகாதார உதவித் திட்டம் என்று மாகாணத்தில் ஒன்று இருந்தது. உடல் ஊனமோ நீண்டகால நோயோ உள்ள பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் உதவியைப் பெறலாம். பொதுப் பள்ளியிலோ கத்தோலிக்கப் பள்ளியிலோ படித்தால் உண்டு; யூதப் பள்ளியில் படித்தால் இல்லை. செவிலியர் வந்து ஊசி போடுவதில் என்ன மதம் இருக்கிறது? மக்லாக்லின் இதையே பிடித்துக்கொண்டார். கலந்து பழகும் பொதுப் பள்ளி என்ற நோக்கத்துக்கும் ஊனமுற்ற பிள்ளைக்குச் சிகிச்சையை மறுப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, இதை நியாயப்படுத்த முடியாது என்று எழுதினார். பெரும்பான்மை நீதிபதிகள் அதையும் கல்விச் சேவையாகக் கருதி 93ஆம் பிரிவின் நிழலில் ஒதுக்கிவிட்டார்கள். இந்தத் தீர்ப்பில் எனக்கு உறுத்துவது நிதி மறுப்பைவிட இந்தப் பகுதிதான்.

உள்நாட்டில் வழி அடைபட்ட நிலையில் மிஞ்சியது ஐ.நா. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் கனடா சேர்ந்திருக்கிறது. உரிமை மீறப்பட்ட தனிநபர் நேரடியாக மனித உரிமைக் குழுவிடம் முறையிடவும் அனுமதி தந்திருக்கிறது. டொராண்டோவைச் சேர்ந்த வால்ட்மன் என்ற தந்தை அந்தக் கதவைத் தட்டினார். அவருக்காக வாதாடியவர் வழக்கறிஞர் ராஜ் ஆனந்த். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் தலைவராக முன்பு இருந்தவர். மனுவில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஒரு கட்டண ரசீதுதான். இரண்டு பிள்ளைகளுக்கு 1998ஆம் கல்வியாண்டின் கட்டணம் 14,050 டாலர். மத போதனைக்கான பங்கை நன்கொடையாகக் கருதிக் கூட்டாட்சி அரசு தரும் வரிச் சலுகை போக, கையிலிருந்து போவது 10,810 டாலர் 89 சென்ட். இதற்கு மேல், தன் பிள்ளைகள் படிக்காத பொதுப் பள்ளிக்காக அவர் சொத்து வரியும் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கத் தந்தைக்கு இந்தக் கட்டணம் ஏதும் இல்லை.

கனடாவின் பதில் எதிர்பார்த்ததுதான்: வரலாற்றுக் காரணம், அரசியலமைப்புக் கடமை, எல்லோருக்கும் திறந்த பொதுப் பள்ளி, மதப் பள்ளிகள் பெருகினால் சமூக ஒற்றுமை கெடும் என்ற அச்சம். 1999 நவம்பர் 3 அன்று குழு இவற்றை ஏற்க மறுத்தது. மதப் பள்ளிகளுக்கு நிதி தந்தே ஆக வேண்டும் என்று உடன்படிக்கை சொல்லவில்லை. ஆனால் தர முடிவு செய்தால் பாகுபாடு இல்லாமல் தர வேண்டும். 1867இல் கத்தோலிக்கர் பாதுகாப்பு தேவைப்பட்ட சிறுபான்மையாக இருந்திருக்கலாம்; இன்று யூதர்களைவிட அவர்கள் பின்தங்கிய நிலையில் இருப்பதாகக் காட்ட எதுவும் இல்லை. 1991 கணக்கெடுப்பில் ஒன்டாரியோ மக்களில் கத்தோலிக்கர் 36 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வாதத்தின் வலு தெரியும். ஆகவே உடன்படிக்கையின் 26ஆம் பிரிவு மீறப்பட்டிருக்கிறது. பாகுபாட்டை நீக்கும் பரிகாரத்தைச் செய்து, 90 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்றது குழு.

கனடா தகவல் சொன்னது. கல்வி மாகாணத்தின் விஷயம், மாற்றும் உத்தேசம் இல்லை என்று ஒன்டாரியோ கூறிவிட்டது, இவ்வளவுதான். சர்வதேசச் சட்டத்தில் ‘அது எங்கள் மாகாணத்தின் வேலை’ என்பது சாக்கு ஆகாது. ஆனால் ஐ.நா. குழுவிடம் அமீனாவும் இல்லை, ஜப்தி ஆணையும் இல்லை. 2005இல் கனடாவின் அறிக்கையைப் பரிசீலித்தபோது குழு மறுபடியும் கவலை தெரிவித்தது. மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை.

அதே 1999இல் குழுவின் முன் இன்னொரு மனுவும் இருந்தது. டாட்மன் முதலிய சிலர், கத்தோலிக்கர் அல்லாதவர்கள், கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் நிதி தருவது பாகுபாடு என்றார்கள். ஆனால் தங்களுக்கு நிதி கேட்கவில்லை. கத்தோலிக்கருக்குத் தருவதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்துவதால் உங்களுக்கு என்ன கிடைக்கும், நீங்கள் பாதிக்கப்பட்டவர்களே இல்லையே என்று குழு அதை ஏற்காமல் தள்ளியது. இந்த இரண்டு மனுக்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பிற்பாடு நடந்த அரசியல் முழுதும் அதில் இருக்கிறது. ஒரே அநீதியைப் பற்றிப் பேசும் இரண்டு கூட்டம்: ஒன்று எங்களுக்கும் கொடு என்கிறது, மற்றது யாருக்கும் கொடுக்காதே என்கிறது. இரண்டும் சேர்ந்து ஓட்டுப் போட முடியாது. ஒருவர் வாதத்தை மற்றவர் முறியடிக்க, நடுவில் பழைய ஏற்பாடு சௌகரியமாக இருந்துகொண்டிருக்கிறது.

அரசியலில் இரண்டு முறை அசைவு தெரிந்தது. 2001இல் மைக் ஹாரிஸ் அரசின் நிதியமைச்சர் ஜிம் பிளாகர்ட்டி, தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிச் சலுகை அறிவித்தார். முதல் 7,000 டாலர் கட்டணத்தில் படிப்படியாக ஐந்து ஆண்டுகளில் பாதி வரை, அதாவது அதிகபட்சம் 3,500 டாலர். மதப் பள்ளி, மதம் சாராத பணக்காரப் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாவற்றுக்கும் என்று வைத்தது அதன் பலவீனம். பணக்காரர்களுக்குச் சலுகை என்று எதிர்க்கட்சி அடிக்க அது வசதியாகப் போனது. 2003இல் ஆட்சிக்கு வந்த மெகின்டியின் லிபரல் அரசு, அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியிலிருந்தே செல்லாது என்று முன்தேதியிட்டு ரத்து செய்தது. பெற்றோர் அந்த நம்பிக்கையில் ஏற்கெனவே கட்டணம் கட்டிவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது, 2007 தேர்தல். கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் டோரி நேரடியாகவே சொன்னார்: மாகாணப் பாடத்திட்டத்தையும் தேர்வுகளையும் ஏற்கும் மதப் பள்ளிகளைப் பொது அமைப்புக்குள் கொண்டுவந்து நிதி தருவோம். சுமார் 53,000 மாணவர்கள், 40 கோடி டாலர் செலவு. வாதம் நியாயமானது, ஓட்டுக் கணக்கு மோசமானது. உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அங்கே சொல்லித்தருவார்களா என்ற கேள்விக்கு அவர் தடுமாறிச் சொன்ன பதில் ஒரு வாரம் செய்தியாக ஓடியது. கடைசியில், வேண்டுமானால் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்று பின்வாங்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 107 இடங்களில் லிபரல்களுக்கு 71. டோரி தான் போட்டியிட்ட தொகுதியிலேயே, அப்போதைய கல்வியமைச்சர் கேத்லீன் வின்னிடம் தோற்றார். அன்றிலிருந்து ஒன்டாரியோவின் பெரிய கட்சி எதுவும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பிற மாகாணங்களைப் பார்த்தால் ஒன்டாரியோவின் பிடிவாதம் இன்னும் விநோதமாகத் தெரியும். கியூபெக்கில் யூதப் பள்ளிகள் உட்படத் தனியார் பள்ளிகளுக்கு, அரசுப் பாடத்திட்டத்துக்காக ஒரு மாணவனுக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் கிடைக்கிறது. 2005 ஜனவரியில் யூதப் பள்ளிகளுக்கு நூறு சதவீதம் தருவதாக அறிவித்த கியூபெக் அரசு, எதிர்ப்பு வெடித்ததும் ஓரிரு வாரத்தில் வாபஸ் வாங்கியது. ஆனால் பழைய 60ஐத் தொடவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, மானிடோபா மாகாணங்களும் பகுதி நிதி தருகின்றன. ஆல்பர்ட்டாவின் எட்மண்டனில் உள்ள தால்முட் தோரா என்ற யூதப் பள்ளி 1975இலேயே பொதுப் பள்ளி வாரியத்தின் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொண்டது. ஒன்டாரியோவில் இதே வழியைக் கேட்டு சீக்கிய, இந்து, முஸ்லிம், மென்னோனைட் கிறிஸ்தவப் பெற்றோர்கள் தொடுத்த, பால் (Bal) வழக்கு எனப்படும் வழக்கு 1994இல் தோற்றது.

எதிர்ப்பவர்களின் வாதத்தை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். மத வாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வளர்த்த ஊர்களில் என்ன நடந்தது என்பதற்கு உலகில் உதாரணம் நிறைய உண்டு. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர், மாகாணத்து மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒரு மதத்தின் பெயரிலான பள்ளியில் அரசுச் செலவில் படிக்கிறார்கள் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் தனியாகப் படித்ததில் ஒன்டாரியோவின் ஒற்றுமை கெட்டுவிட்டதா? கெடவில்லை என்றால் சில ஆயிரம் யூதப் பிள்ளைகளால் எப்படிக் கெடும்? கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிகளில் பொதுவாக ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். உயர்நிலைப் பள்ளிகளிலோ கத்தோலிக்கர் அல்லாதவர்களும் சேரலாம். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அப்படிச் சேர்ந்து படிக்கும் தமிழ் இந்துப் பிள்ளைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கட்டணமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. டொராண்டோவின் யூத உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அது ஒரு மாணவனுக்கு 27,000 டாலரைத் தாண்டிப் போய், சேர்க்கை சரிந்தது. 2017இல் பள்ளி தன் வடக்கு வளாகத்தை மூடி, பெரிய நன்கொடை ஒன்றின் துணையோடு கட்டணத்தை 18,500 ஆகக் குறைத்தது. மூன்று பிள்ளைகள் உள்ள ஆசிரியர் குடும்பத்துக்கு அந்தக் குறைந்த தொகையும் எட்டாக்கனிதான்.

இனி வழக்குப் போட்டால் வெல்லலாமா? முழு நிதி கேட்டுப் போனால், ஆட்லர் தீர்ப்பு குறுக்கே நிற்கும். 2013இல் பெட்ஃபர்ட் வழக்கில், சட்டக் கேள்வியோ சூழ்நிலையோ அடிப்படையாக மாறியிருந்தால் கீழ் நீதிமன்றம்கூட உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பைத் திரும்பப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நுழையலாம். ஆனால் ஆட்லரின் அஸ்திவாரம் சூழ்நிலை அல்ல, 93ஆம் பிரிவின் வாசகம், வாசகம் மாறவில்லை. கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களுக்குக் கத்தோலிக்கப் பள்ளி வழியாக நிதி தருவது செல்லாது என்று சஸ்காச்சுவானில் 2017இல் ஒரு நீதிபதி துணிந்து தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இதில் தெரிகிறது. நீதிமன்றத்தில் ஓரளவு நம்பிக்கை வைக்கக்கூடியது மக்லாக்லின் காட்டிய சிறிய வாசல்தான்: ஊனமுற்ற பிள்ளைகளுக்கான சேவை போல, ‘கல்வி நிதி’ என்ற பெயருக்குள் வலிந்து திணிக்கப்பட்ட ஏதாவது ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்து வழக்காடுவது.

அரசியல் வழி சட்டப்படி எளிது. ஒரு மாகாணம் 93ஆம் பிரிவைத் தனக்கு மட்டும் மாற்றிக்கொள்ள மற்ற மாகாணங்களின் சம்மதம் தேவையில்லை. மாகாணச் சட்டமன்றமும் கூட்டாட்சி நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டால் போதும். கியூபெக் 1997இல் அப்படித்தான் அந்தப் பேரத்திலிருந்து வெளியேறியது. நியூஃபவுண்ட்லாந்து அதே ஆண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தி, 73 சதவீத ஆதரவோடு, 1998இல் மதப் பிரிவுப் பள்ளி முறையையே கைவிட்டது. ஒன்டாரியோவில் மூன்று பெரிய கட்சிகளும் கத்தோலிக்க வாக்காளரை நினைத்து இதைத் தொடுவதில்லை. ஒரே பொதுப் பள்ளி அமைப்பு வேண்டும் என்று வெளிப்படையாகத் தேர்தலில் பேசிவந்த கட்சி பசுமைக் கட்சிதான். அந்தத் திட்டம் நிறைவேறினால் ஐ.நா. சொன்ன பாகுபாடு நீங்கிவிடும். யூதப் பெற்றோர் கட்டும் கட்டணத்தில் ஒரு டாலரும் குறையாது.